திசைகாட்டி காட்டுவது வடக்கா?

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



நம்ம திருமுருகன்பூண்டியில் கோயில் உண்டு, சிற்பப் பட்டறை உண்டு, பனியன் கம்பெனி உண்டு. கடல் மட்டும் கிடையாது. ஆனாலும் கடலை நம்பித்தான் நம்மில் பல வீடுகளில் உலை கொதிக்கிறது. திருப்பூரில் பேக் ஆகும் பனியன், கன்டெய்னரில் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறினால்தானே அடுத்த ஆர்டர், அடுத்த சம்பளம்!

செக்கிங் வேலைக்குப் போகும் என் அம்மா ஒரு நாள் கேட்டாங்க: "ஏங் கண்ணு, ரோட்டுல போனா கைகாட்டி இருக்குது. கடல்ல என்னத்தெ வெச்சு வழி கண்டுபுடிக்கறாங்க?" எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். வீட்டில் எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வரும். "திசைகாட்டிதாம்மா" என்றேன். அது பாதி பதில்தான். திசைகாட்டி காட்டுவதை அப்படியே நம்பி எந்தக் கப்பலும் போவதில்லை. அதில் உள்ள பிழையைக் கணக்கிட்டுத் திருத்திய பிறகே போகிறது. இக்கட்டுரை அந்த மீதிப் பாதி பதில்.

முதல் பிழை: பூமியால் வருவது

காந்த ஊசி காட்டுவது உண்மை வடக்கை அல்ல, காந்த வடக்கை. இரண்டுக்கும் இடையே உள்ள கோணமே வேரியேஷன். பள்ளிப் புத்தகத்தில் 'காந்த ஒதுக்கம்' என்று படித்தோமே, அதுதான். தமிழ்நாட்டில் இது ஓரிரு பாகை மேற்கு, அவ்வளவுதான். உலகின் வேறு சில பகுதிகளில் இருபது பாகையைக் கூடத் தாண்டும்.

இது இடத்துக்கு இடம் மட்டுமல்ல, வருடத்துக்கு வருடமும் மாறும். அதனால் கடல் வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் திசை வட்டத்தில் வேரியேஷன், அது எந்த ஆண்டுக்குரியது, வருடத்துக்கு எவ்வளவு மாறும் என்ற மூன்றும் இருக்கும். நம் நாட்டில் இந்த வரைபடங்களை வெளியிடும் தேசிய நீர்வரைவியல் அலுவலகம் இருப்பது டேராடூனில். அங்கேயும் கடல் இல்லை!

இதை அளக்க அந்தக் காலத்தில் பட்ட பாடு கொஞ்சமல்ல. திருவனந்தபுரம் வான் ஆய்வகத்தில் 1852-ல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன், அங்கே மட்டுமல்ல, நம் அகத்தியர் மலை மேலேயும் ஆய்வகம் கட்டிக் காந்த ஒதுக்கத்தை அளந்தார்.

இரண்டாவது பிழை: இரும்பால் வருவது

சர்வே வகுப்பில் லோக்கல் அட்ராக்‌ஷன் படித்திருப்போம். பிரிஸ்மாட்டிக் காம்பஸ் வைத்து ஒரு கோட்டின் ஃபோர் பேரிங், பேக் பேரிங் எடுத்தால் இரண்டுக்கும் சரியாக 180 பாகை வித்தியாசம் வர வேண்டும். ஏபி கோட்டில் அப்படியே வந்தால் ஏ, பி இரண்டு இடங்களும் சுத்தம். அடுத்து பிசி கோட்டில் பி-யிலிருந்து 118 பாகை, சி-யிலிருந்து 295 பாகை 30 நிமிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பி சுத்தமான இடம். ஆகவே சி-யில் 298 வந்திருக்க வேண்டும். சி-க்குப் பக்கத்தில் கம்பி வேலியோ இரும்புக் கம்பமோ ஊசியை இரண்டரை பாகை இழுத்திருக்கிறது. சி-யில் எடுத்த எல்லா ரீடிங்கிலும் இரண்டரை பாகை கூட்டினால் கணக்கு நேராகிவிடும்.

இந்த இழுப்புக்குப் பயந்து ஒரு ஆய்வகமே இடம் மாறியிருக்கிறது. பம்பாய் கொலாபாவில் காந்த அளவீடு நடந்து வந்தது. நகரத்தின் டிராம்கள் மின்சாரத்துக்கு மாறப் போகின்றன என்றதும், 1904-ல் அலிபாக்கில் இரும்பே சேர்க்காத கட்டடம் கட்டி அளவீட்டை அங்கே கொண்டுபோனார்கள்.

கப்பலில் தொல்லை இன்னும் பெரிது. நிலத்தில் இரும்பு ஓரிடத்தில் நிற்கும். நாம் விலகிப் போகலாம். கப்பலிலோ இரும்புக்குள்ளேயே உட்கார்ந்து திசை பார்க்க வேண்டும். கப்பலை ஒரே திசையில் நிறுத்திவைத்துத் தட்டித் தட்டிக் கட்டும்போதே அதன் உடம்பு ஒரு காந்தமாகிவிடுகிறது. கப்பல் திரும்பும்போது அந்தக் காந்தமும் கூடவே திரும்புவதால், கப்பலின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்பப் பிழை மாறும். வடக்கே போகும்போது 2 பாகை கிழக்கு என்றால், தென்கிழக்கே போகும்போது 4 பாகை மேற்காக இருக்கலாம். இதற்கு டீவியேஷன் என்று பெயர்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? 1854 ஜனவரியில் 'டெய்லர்' என்ற புத்தம்புது இரும்புக் கப்பல் இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. தெற்கே போகிறோம் என்று நினைத்தவர்கள் மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டே நாளில் அயர்லாந்து அருகே லாம்பே தீவுப் பாறையில் மோதி 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரும்பு உடம்பு திசைகாட்டியைக் கெடுத்தது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. காந்தங்களையும் இரும்பையும் பக்கத்தில் வைத்தே இந்தப் பிழையைக் குறைக்கலாம் என்று ஜார்ஜ் ஏரி 1838-லேயே 'ரெயின்போ' என்ற கப்பலில் செய்து காட்டியிருந்தார். இன்றும் கப்பல் திசைகாட்டியின் இரு பக்கமும் இரும்பு உருண்டைகளும், அதன் பீடத்துக்குள் சிறு காந்தங்களும் இருப்பது அந்த வழியில்தான்.

கப்பலைச் சுற்றிப் பார்ப்பது

அப்படியும் மிச்சம் பிழை இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. துறைமுகத்துக்கு வெளியே கப்பலை வடக்கு, வடகிழக்கு, கிழக்கு என்று எட்டுத் திசைக்கும் திருப்புவார்கள். ஒவ்வொரு முறையும் கரையில் தெரியும் கலங்கரை விளக்கம் போன்ற அடையாளத்தையோ சூரியனையோ திசைகாட்டியில் பார்த்து, வரைபடமோ கணக்கோ சொல்லும் திசையோடு ஒப்பிடுவார்கள். வித்தியாசங்களை ஓர் அட்டையில் எழுதித் திசைகாட்டி அருகே மாட்டுவார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிற்பப் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பாவின் ஞாபகம் வந்தது. மூலைமட்டம் கைக்கு வந்தவுடன் அதை நம்பிக் கல்லில் கோடு போட மாட்டார். ஒரு பக்கம் வைத்து ஒரு கோடு. அப்படியே புரட்டி வைத்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்தால், விரிந்ததில் பாதி பிழை. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். ஏரி கப்பலில் செய்ததும் அவர் கல்லில் செய்வதும் ஒரே தத்துவம்தானே!

நம் தென்கோடிக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அங்கே காந்த ஊசி சாயாமல் கிட்டத்தட்ட மட்டமாக நிற்கும். பூமியின் காந்தம் மேலிருந்து கீழாக இழுக்காததால், கப்பலில் செங்குத்தாக நிற்கும் இரும்புகள் அங்கே காந்தமாகா. வடக்கே ஐரோப்பா போகப் போக அவை காந்தமாகித் தொல்லை தரும். ஆகவே தூத்துக்குடியில் எழுதிய அட்டை ராட்டர்டாமில் அப்படியே சரியாக இருக்காது. இதற்காகவே திசைகாட்டிக்கு அருகில் ஒரு செங்குத்து இரும்புத் தண்டு வைக்கிறார்கள். அதற்கு ஃபிளிண்டர்ஸ் தண்டு என்று பெயர்.

ஒரு கணக்கு

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்கள் ஓடிய தூத்துக்குடி–கொழும்பு வழியையே எடுத்துக்கொள்வோம். தூரம் ஏறக்குறைய 150 கடல் மைல். விதி சுலபம்: திசைகாட்டி ரீடிங்கிலிருந்து உண்மைத் திசைக்கு வர, பிழை கிழக்கு என்றால் கூட்டு, மேற்கு என்றால் கழி.

திசைகாட்டி ரீடிங் 144 பாகை
டீவியேஷன் 4 பாகை மேற்கு, கழித்தால் 140
வேரியேஷன் 2 பாகை மேற்கு, கழித்தால் 138

138 பாகைதான் உண்மைத் திசை. திருத்தாமல் திசைகாட்டியில் 138 வைத்து ஓட்டினால் கப்பல் உண்மையில் போவது 132-ல். ஒரு பாகை தவறினால் 60 மைலுக்கு ஒரு மைல் விலகும் என்பது மாலுமிகளின் வாய்ப்பாடு. 6 பாகைக்கு, 150 மைலில் 15 மைல்! கொழும்புத் துறைமுகத்துக்குப் பதில் நீர்கொழும்பு பக்கம் கரையில் போய் நிற்க வேண்டியதுதான்.

"ஜி.பி.எஸ். இருக்கும்போது இதெல்லாம் எதுக்குடா?" என்று நண்பர்கள் கேட்கலாம். ஜி.பி.எஸ்.ஸுக்கு மின்சாரமும் வேண்டும், சிக்னலும் வேண்டும். செங்கடல், பாரசீக வளைகுடாப் பகுதிகளில் அந்தச் சிக்னலையே கெடுத்துக் கப்பல்களைக் குழப்புவதாக 2024, 2025-ல் செய்திகள் வந்தன. ஐரோப்பாவுக்குப் பனியன் போகும் குறுக்கு வழியே செங்கடல்தான். அதனால்தான் சர்வதேச கடல் பாதுகாப்பு விதிகள், மின்சாரம் இல்லாமல் திசை காட்டும் கருவியைக் கப்பலில் இன்றும் கட்டாயமாக வைத்திருக்கின்றன.

நண்பர்களே! பிழையே இல்லாத கருவி நம் லேபிலும் இல்லை, கப்பலிலும் இல்லை. பிழை எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் அதே கருவியை வைத்து உலகத்தைச் சுற்றி வரலாம். தெரியாவிட்டால் பக்கத்துத் துறைமுகத்துக்கும் போய்ச் சேர முடியாது. ஆகவே அடுத்த சர்வே பிராக்டிகலில் பேக் பேரிங் 180-க்கு வரவில்லையென்றால், ரெக்கார்டு அழகாக இருக்கட்டும் என்று எண்ணை மாற்றி எழுதிவிடாதீர்கள். வந்ததை வந்தபடி எழுதுங்கள். பக்கத்தில் திருத்தத்தையும் எழுதுங்கள். நாளை நாம் போடும் கோட்டின் மேல்தான் யாரோ வீடு கட்டப் போகிறார்கள்.