பாலத்துக்கு எத்தனை கால்?

குட்டீஸ்! நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போனால் ஒன்று செய்து பாருங்கள். அலை தொடும் ஈர மணலில் அசையாமல் நில்லுங்கள். (அப்பா, அம்மா பக்கத்தில் இருக்கட்டும்!) அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் நழுவும். நான்கைந்து அலை போதும், தடுமாறி விடுவீர்கள்.

ஆற்றுப் பாலங்களுக்கும் இதே தொல்லைதான். வெள்ளம் பாலத்தின் தூணில் மோதிச் சுழலும். அடியில் உள்ள மணலைத் தோண்டிக்கொண்டு போய்விடும். திருச்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே 1928ல் கட்டிய பழைய இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சில சரிந்து விழுந்தன. நல்லவேளை, பக்கத்தில் புதுப்பாலம் வந்து, இதில் போக்குவரத்து நின்று போயிருந்தது.

அப்படியானால் மணல் ஆற்றில் தூணை எப்படி நிறுத்துவது? கிணறு மாதிரி வட்டமாகச் சுவர் கட்டுவார்கள். உள்ளே இருக்கும் மணலை அள்ள அள்ள, அது தன் எடையாலேயே கீழே இறங்கும். ஆழத்தில் கெட்டியான தரை கிடைத்ததும், அதன்மேல் தூணை எழுப்புவார்கள். தண்ணீர் எதிர்த்து வரும் பக்கம் தூணின் முனையைப் படகின் மூக்கு போலக் கூராக்குவதும் உண்டு. வெள்ளம் இரண்டாகப் பிரிந்து ஓடிவிடும்.

இந்தத் தூணுக்கு ஆங்கிலத்தில் 'பியர்' என்று பெயர். இடைக்கால லத்தீனில் இருந்த 'பெரா' என்ற சொல்லில் இருந்து வந்ததாம். முதலில் பாலத்தின் தூணை மட்டும்தான் அது குறித்தது. பிறகு, கட்டடத்தைத் தாங்கும் பருமனான தூணும் பியர் ஆனது. உங்கள் வகுப்பறையில் இரண்டு ஜன்னலுக்கு நடுவே இருக்கிறதே சுவர்த்துண்டு, அதுவும் பியர்தான்!

நாம் இதற்குத் தேடி அலைய வேண்டாம். 'கால்' என்று சொன்னாலே போதும். நாற்காலி, பந்தக்கால், ஆயிரங்கால் மண்டபம்... எல்லாமே கால்தான். (மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் எண்ணினால் 985தான் வரும்!)

இன்னொரு வேடிக்கை. கரையில் இருந்து கடலுக்குள் நீளும் பாலத்துக்கும் ஆங்கிலத்தில் பியர் என்றே பெயர். தாங்கும் காலுக்கும், அதன்மேல் போகும் பாலத்துக்கும் ஒரே பெயர்! கப்பல் சரக்கை இறக்க, புதுச்சேரியில் 1866ல் இப்படி ஒரு பாலம் கட்டினார்கள். 1952ல் புயல் அதைச் சாய்த்துவிட்டது. பிறகு வேறிடத்தில் கட்டிய புதிய பாலத்திலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் விழுந்தது. பழைய பாலத்தில் மிஞ்சிய கால்களைப் பார்க்க வேண்டுமா? புதுச்சேரி காந்தி சிலை அருகே நின்று கடலைப் பாருங்கள்.