தில்லியில் பாதாளச் சாக்கடை இணைப்பு

தில்லியில் வீடு கட்டிக் குடியேறியுள்ள நம்மவர், மின்சாரத்திற்கு முறையாக மனுச் செய்வர். பாதாளச் சாக்கடைக்கு மட்டும் இரவோடிரவாகக் குழாயைச் செருகிவிடலாம் என்று எண்ணுவோரும் உளர்.

நகரின் பெரும்பகுதியில் இவ்விணைப்பிற்கு அனுமதி அளிப்பது 1998-இல் அமைந்த தில்லி ஜல் போர்டு. (புது தில்லி நகராட்சிப் பகுதியும் கன்டோன்மென்டும் இதற்குப் புறம்பானவை.) உரிமம் பெற்ற பிளம்பரைக் கொண்டே வேலையைச் செய்வித்தல் வேண்டும்; சாலையை வெட்டத் தனி இசைவும் தேவை.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்கலாம். சரிவு குறைந்த குழாயில் திண்மக் கழிவு தங்கி அடைத்துக்கொள்ளும். மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடையில் சேர்த்துவிட்டாலோ, பருவமழையில் அது பொங்கித் தெருவில் வழியும். அடைப்பை நீக்க ஒருவர் உள்ளே இறங்குகிறார். அங்கே ஹைட்ரஜன் சல்பைடு வாயு மிகுந்திருப்பின், மூக்கு அதன் நாற்றத்தை உணரும் ஆற்றலையே இழந்துவிடும். எச்சரிக்கையின்றி உயிர் போகிறது.

காப்புச் சாதனமின்றி ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டாங்கிலோ இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முதல் குற்றத்திற்கே 2 ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். இறக்கியவர் வீட்டுக்காரரேயாயினும் விலக்கில்லை.