வள்ளங்கள் மறைந்த வள்ளக்கடவு: அழிவின் விளிம்பில் பார்வதி புத்தனாறு

திருவனந்தபுரம் விமான நிலையத்தை ஒட்டியுள்ள வள்ளக்கடவு என்னும் ஊர்ப்பெயருக்குப் படகுத்துறை என்று பொருள். இன்று அத்துறைக்குச் சரக்கு வள்ளங்கள் வருவதில்லை. பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது.

திருவிதாங்கூரை 1815 முதல் 1829 வரை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாயின் காலத்தில், வள்ளக்கடவையும் கழக்கூட்டத்தை அடுத்த கடினங்குளம் காயலையும் இணைத்து வெட்டப்பட்டதே பார்வதி புத்தனாறு. வர்க்கலைக் குன்றுகளைக் குடைந்த இரு சுரங்கங்கள் 1880-ல் நிறைவுற்றதும், தலைநகரிலிருந்து கொல்லம் வழியாக வடக்கே நீர்வழி திறந்தது. நெல்லும் தேங்காயும் கயிறும் வள்ளங்களில் வந்திறங்கின.

1918-ல் கொல்லத்திலிருந்து கழக்கூட்டம் வழியாகச் சாக்கைக்கு ரயில் வந்தது. பின்னர் லாரிகள் பெருகின. வள்ளங்கள் குறைந்ததும் கால்வாயைத் தூர்வாரும் அக்கறையும் குறைந்தது. ஆகாயத்தாமரை படர்ந்தது, நகரின் கழிவுநீர் கலந்தது. 2011-ல் கரிக்ககத்தில் பள்ளி வேன் ஒன்று இக்கால்வாயில் கவிழ்ந்து குழந்தைகள் பலியான பிறகே நாடு இதன் பெயரைக் கேட்டது.

இந்தப் புறக்கணிப்பில் தில்லிக்கும் பங்குண்டு. நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் தேசிய நீர்வழியாக அறிவிப்பவற்றில் இயந்திரப் படகுப் போக்குவரத்து, மத்தியப் பட்டியலில் வருகிறது. மற்ற உள்நாட்டு நீர்வழிகள் மாநிலப் பொறுப்பு. 1993-ல் அறிவிக்கப்பட்ட 3-வது தேசிய நீர்வழி கொல்லத்தோடு நின்றுவிட்டது. 2016-ம் ஆண்டுச் சட்டம் தேசிய நீர்வழிகளின் எண்ணிக்கையை 111 ஆக உயர்த்தியது. அப்போது கொல்லம் நீர்வழி வடக்கே கோழிக்கோடு வரை நீட்டிக்கப்பட்டது. பூவாறிலிருந்து குமரி மாவட்டத்துக்குள் செல்லும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயின் ஒரு பகுதிகூடப் பட்டியலில் ஏறியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பார்வதி புத்தனாற்றுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை.

கோவளம் முதல் பேக்கல் வரையிலான நீர்வழித் திட்டத்துக்காக, கொச்சி சர்வதேச விமான நிலைய நிறுவனத்துடன் இணைந்து கேரள அரசு 2017-ல் தனி நிறுவனம் அமைத்தது. ஆனால் கால்வாயை அகலப்படுத்த வேண்டுமானால், புறம்போக்குக் கரைகளில் பல்லாண்டுகளாக வாழும் ஏழைக் குடும்பங்கள் வெளியேற வேண்டும். அவர்களுக்கு மாற்று வீடு தராமல் தூர்வாரினால் அது நியாயமாகாது. கழிவுநீரைத் தடுக்காமல் தூர்வாரினால் அது நிலைக்காது.

1990-ல் கழக்கூட்டத்தில் தொடங்கிய டெக்னோபார்க், கேரளத்தின் எதிர்காலமாகக் காட்டப்படுகிறது. அதன் மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் கிடக்கும் பழைய நீர்ப்பாதைக்கும் எதிர்காலம் உண்டா என்பதை, தில்லியும் திருவனந்தபுரமும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும்.