அப்பா சரி என்றால் போதுமா?



தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் இருக்கிறது நல்லம்பள்ளி. அங்கே 7-ம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 12. கோடை விடுமுறை. தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார்.

''பையன் சும்மாதானே இருக்கான்? ரெண்டு மாசம் என் ஓட்டலுக்கு அனுப்புங்க. ஸ்கூல் திறந்ததும் வந்துடட்டும். நீங்க சரின்னு சொன்னா போதும்!''

வீட்டில் கடன் இருக்கிறது. அப்பா யோசிக்கிறார். அவர் 'சரி' என்றால் பையன் போகலாமா?

கூடாது! 14 வயது முடியாதவர்களை வேலைக்கு வைக்க அப்பாவாலும் அனுமதி தர முடியாது. ஓட்டல்காரரும் வைத்துக்கொள்ள முடியாது. 1986-ல் வந்து, 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் இப்படிச் சொல்கிறது. மீறி வேலைக்கு வைப்பவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

'அப்படியானால் அம்மாவுக்குக்கூட உதவக் கூடாதா?' என்று கேட்காதீர்கள். பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் வீட்டு வேலைகளில் கைகொடுக்கலாம். ஆனால், அது ஆபத்தான வேலையாக இருக்கக் கூடாது. படிப்பும் கெடக் கூடாது.

கலெக்டர் தரும் அனுமதி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 18 வயது ஆகாத பள்ளி மாணவர்கள் வேலைக்குச் சேர 'ஒர்க் பெர்மிட்' வாங்க வேண்டும். அதைக் கொடுப்பது யார் தெரியுமா? பள்ளிக்கூடம்! வேலையால் படிப்போ உடம்போ கெட்டால் அந்த அனுமதியை ரத்து செய்துவிடலாம்.

நம் நாட்டில் இப்படி ஓர் அனுமதி சினிமா, டி.வி.யில் நடிக்கும் சிறுவர்களுக்கு உண்டு. நல்லம்பள்ளியில் படப்பிடிப்பு என்றால், தயாரிப்பாளர் தர்மபுரி கலெக்டரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேலும் கூடாது. சம்பளத்தில் 20 சதவீதமாவது அந்தச் சிறுவன் பெயரில் வங்கியில் போட வேண்டும். முக்கியமாக, அவனுக்கு விருப்பம் இல்லாமல் நடிக்க வைக்கவே கூடாது!

14 வயது முடிந்துவிட்டதா?

14 முதல் 18 வயது வரை உள்ள அண்ணன், அக்காக்கள் வேலை செய்யலாம். ஆனால் சுரங்கம், பட்டாசு போன்ற ஆபத்தான தொழில்கள் பக்கமே போகக் கூடாது. மற்ற இடங்களிலும் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். இரவு 7 முதல் காலை 8 மணி வரை வேலை கிடையாது. வாரம் ஒரு நாள் முழு விடுமுறை உண்டு.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? 'ரெண்டு மாசம்தான்' என்று போகிறவர்கள் ஜூனில் திரும்பாமல் போவதும் உண்டு. கையில் காசு வந்துவிட்டால் புத்தகப் பை கனக்கும். போன படிப்பு லேசில் திரும்பாது.

உங்கள் வகுப்பில் ஒரு இடம் பல நாட்களாகக் காலியாக இருக்கிறதா? உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். தகவல் இல்லாமல் தொடர்ந்து 30 நாள் ஒரு குழந்தை வராவிட்டால், தலைமை ஆசிரியர் அதற்குரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. 1098 என்ற எண்ணுக்கு நீங்களே இலவசமாகப் போன் செய்யலாம்.

இது கோள் சொல்வது ஆகாது. உங்கள் நண்பனை மீண்டும் உங்கள் பக்கத்தில் உட்கார வைப்பது. செய்வீர்கள்தானே?