கொடைக்கானல் ஏரியை உருவாக்கச் சொன்னது யார்?

கொடைக்கானல் போனால் நாம் எல்லோரும் செய்கிற காரியங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஏரியில் படகு சவாரி. ஏரியைச் சுற்றி சைக்கிள். மறுநாள் காலை பனி விலகும் முன் கோக்கர்ஸ் வாக்கில் ஒரு நடை. அப்புறம் பிரையண்ட் பூங்காவில் பூக்களுக்கு நடுவே நின்று குடும்பத்தோடு ஒரு போட்டோ.

இந்த மூன்று இடங்களுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. மூன்றுக்கும் காரணமானவர்கள் அரசாங்கத்தில் சம்பளம் வாங்கியவர்கள். ஆனால், அந்தச் சம்பளம் இந்த வேலைக்காகக் கொடுக்கப்பட்டது அல்ல!

1860-களில் மதுரை கலெக்டராக இருந்தவர் வியர் ஹென்றி லெவிஞ்ச். வரி வசூலும் சட்டம் ஒழுங்கும்தான் கலெக்டரின் வேலை. மலை உச்சியில் ஏரி அமைப்பது அதில் சேராது. அவருக்கு முன்பே, 1845-ல், மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து மேலே வந்து வீடு கட்டியிருந்தார்கள். ஓடைகள் வந்து சேரும் ஒரு சதுப்பு நிலம் அங்கே கிடந்தது. 1863-ல் லெவிஞ்ச் அதற்குக் கரை போட்டு நீரைத் தேக்கினார். சொந்தப் பணத்தையும் செலவழித்தார். மீன் குஞ்சுகள் விட்டார். தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்தார். பதவி முடிந்ததும் ஊர் திரும்பாமல் கொடைக்கானலிலேயே தங்கிவிட்டார்.

கோக்கர்ஸ் வாக்கும் அப்படித்தான். கோக்கர் ஒரு ராணுவப் பொறியாளர். மாவட்டத்தில் பணிபுரிந்த காலத்தில் கொடைக்கானலுக்கு வரைபடம் தயாரித்தவர். மலை விளிம்பை ஒட்டி அவர் அமைத்த நடைபாதைதான் 1872 முதல் அவர் பெயரைச் சுமக்கிறது. 1908-ல் பூங்காவை உருவாக்கிய பிரையண்ட், மதுரையைச் சேர்ந்த வனத்துறை அதிகாரி.

ஆக, இன்று நாம் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் டூரிஸ்ட் மேப்பில் பாதி, யாரோ சிலர் தங்கள் வேலைக்கு வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்த வேலைதான்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. லெவிஞ்ச் கலெக்டர். ‘இது உன் வேலையா?’ என்று அவரைக் கேட்க அந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. மோட்டார் சாலை வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு, பெரியகுளம் பக்கத்து மலைப்பாதையில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்களும், கரைக்கு மண் சுமந்தவர்களும் இருந்தார்கள். எந்தக் கல்லிலும் அவர்கள் பெயர் இல்லை. கூடுதல் வேலையை விரும்பி எடுப்பவருக்கும், அது தலையில் வந்து விழுபவருக்கும் உள்ள தூரம் பெரியது.

பதவி இல்லாத விஞ்ஞானி

ஏரியிலிருந்து மேலே ஏறினால் சூரிய ஆய்வகம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,700 அடி உயரம். பஞ்சத்துக்கும் பருவமழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று அறிய விரும்பிய காலத்தில் பிறந்த இடம் இது. 1899-ல் நிறுவப்பட்டு, 1901-ல் இங்கே ஆய்வு தொடங்கியது.

1907-ல் இங்கு வேலைக்கு வந்தவர் ஜான் எவர்ஷெட். இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்துகொண்டே, ஓய்வு நேரத்தில் சூரியனை ஆராய்ந்தவர். சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது என்பதை 1909 ஜனவரியில் கொடைக்கானலில் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதற்கு ‘எவர்ஷெட் விளைவு’ என்றுதான் பெயர்.

அவரோடு வந்தவர் மனைவி மேரி. திருமணத்துக்கு முன்பே தென்வான நட்சத்திரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். ஆய்வகத்தில் அவருக்குப் பதவி இல்லை. ஆனாலும் கணவரோடு சேர்ந்து வேலை செய்தார். சூரியனின் விளிம்பில் எழும் பிரம்மாண்டமான தீப்பிழம்புகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வகை பிரித்துக் குறித்தார். சூரியப் புள்ளிகளோடு சேர்ந்து வரும் பிழம்புகளைப் பற்றி 1913-ல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் இதழில் அவர் பெயரிலேயே கட்டுரை வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தச் சங்கத்தில் பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்ததே 1916-ல்தான்! அதாவது, சேர்த்துக்கொள்ளாத சங்கத்தின் இதழில் அவர் பெயர் அதற்கு முன்பே அச்சாகிவிட்டது.

எவர்ஷெட் தம்பதி 1923-ல் இங்கிலாந்து திரும்பினார்கள். மேரியை இன்று சூரிய ஆய்வு வரலாற்றில் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம், வேலையைச் செய்ததோடு நிற்காமல் தன் பெயரையும் அதில் எழுதியதுதான். அப்படி எழுதாமல் விட்டிருந்தால், ‘டைரக்டரின் மனைவி, உதவியாக இருந்தார்’ என்ற ஒரு வரியோடு முடிந்திருக்கும்.

நம் ஆபீஸில்...

இப்போது நம் கதைக்கு வருவோம். ஆபீஸில் பிரின்டர் நின்றால் உங்களைத்தான் கூப்பிடுகிறார்களா? புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலை சொல்லிக்கொடுப்பது, பிரிவுபசார விழாவுக்குப் பணம் வசூலிப்பது, கோபமாக வரும் வாடிக்கையாளரைச் சமாதானம் செய்வது எல்லாம் உங்கள் தலையில்தானா? இவற்றில் எதுவும் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்காது. இன்கிரிமென்ட் நேரத்தில் யாருக்கும் நினைவும் இருக்காது.

அதற்காக, ‘இது என் வேலை இல்லை’ என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டால் எந்த இடமும் ஓடாது. தொழிற்சங்கங்கள் ‘விதிப்படி வேலை’ என்று ஒரு போராட்டம் நடத்துவது உங்களுக்குத் தெரியும். வேலை நிறுத்தம் இல்லை, விதியில் உள்ளதை மட்டும் செய்வார்கள். அதற்கே நிர்வாகம் திணறிப் போகும். விதியில் இல்லாத எத்தனையோ வேலையை ஊழியர்கள் தினமும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

சட்டமே ஓரிடத்தில் கோடு போட்டிருக்கிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியர்களைக் கற்பித்தல் அல்லாத வேலைகளுக்கு அனுப்பக் கூடாது என்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு. ஏன் இந்தக் கோடு? கூடுதல் வேலைக்குப் போகும் நேரம் வானத்திலிருந்து வருவதில்லை. அது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் நேரம். நம் விஷயத்தில் அது பெரும்பாலும் வீட்டில் காத்திருக்கும் குழந்தையின் நேரம்.

மூன்று கேள்விகள்

அடுத்த முறை ‘இதையும் கொஞ்சம் பார்த்துக்கோங்களேன்’ என்று யாராவது சொன்னால், தலையாட்டும் முன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

முடியாது என்று சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தும் ஏற்றுக்கொண்டால் அது உங்கள் விருப்பம். சொல்லவே முடியாது என்றால் அது உதவி இல்லை, சம்பளமில்லாத வேலை. மேலதிகாரியிடம் நேரடியாகப் பேச வேண்டிய விஷயம்.

என் சொந்த வேலை கெடுகிறதா? கூடுதல் வேலையைப் பாராட்டும் அதே வாய்தான், நம் வேலையில் தவறு வந்தால் முதலில் கேட்கும்.

என் பெயர் எங்கே இருக்கிறது? இது பெருமைக்காக இல்லை. என்ன செய்தீர்கள், எப்போது தொடங்கினீர்கள் என்று மாதம் ஒருமுறை நாலு வரி மெயிலாக அனுப்பி வையுங்கள். சண்டை போடும் தொனி வேண்டாம். ‘இந்த மாதம் இதையும் கவனித்துக்கொண்டேன்’ என்றால் போதும். நாளைக்கு அது நிரந்தர வேலையாக மாறும்போது, பதவியோ சம்பளமோ கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

வீட்டுப் பெரியவர்கள் பலர் ஒரு வேலையையும் மறுக்காமல் ஓய்வு பெற்றவர்கள். அவர்களை ஒரு நாள் உட்கார வைத்து, ‘உங்க ஆபீஸ்ல உங்க வேலையே இல்லாத எதையெல்லாம் செஞ்சீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியல் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. நீங்களாவது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அடுத்த முறை கொடைக்கானலில் படகு ஏறும்போது, கரையை ஒரு நிமிடம் பாருங்கள். போடச் சொல்லி ஆணை வராத கரை அது. போட்டவர் பெயர் நமக்குத் தெரியும். சுமந்தவர்கள் பெயர்தான் தெரியாது.