பாட்டன் பேர்

பண்டாரவன்னியன் 1803இல் தோற்றதை வென்றவர்களே கற்சிலைமடுவில் கல்நாட்டிப் பொறித்தனர். குளங்கட்டிய குடியானவனுக்குக் கல் ஏது? இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு ஒழுங்காகத் தொடங்கியதே 1867இல். முதற் குடிசன மதிப்பு 1871இல். அதற்கு முற்பட்ட பாட்டனைப் பூவரசங்குளத்தார் எங்ஙனம் தேடுவது?

பழங் காணி உறுதி இருப்பின் அதுவே புதையல். “கிழக்கு இன்னார் காணி” என எல்லை கூறும் வரியில், அயலான் உறுதியிலும், நம் மூதாதை அகப்படுவான். ஆனால் 2009 வரை நீடித்த போரில், இடம்பெயர்ந்தோர் பலர் உறுதிகளை இழந்தனர். எஞ்சியது முதியோர் நாவே.

அங்கும் ஓர் இடர்: பேரனுக்குப் பாட்டன் பேரிடும் வழக்கால் இருவர் ஒருவராய்விடுவர். ஆசிரியர்களே, மாணவரை அனுப்பும்போது பாட்டனின் மனைவி பேரையும் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள், ஆள் பிரிந்துவிடும்.