கடல் தாண்டிப் போன ரூபாய்

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் பணத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கையின் அரிப்புக் கரையில் பிரிட்டிஷார் சலாபத்தைக் குத்தகைக்கு விட்டபோது, தொகையைப் பறங்கிப்பேட்டை வராகனில் பேசினார்கள். ஒரு பக்கம் திருமால் உருவமும், புடைத்த மறுபக்கத்தில் பொடிப்பொடியான புள்ளிகளும் கொண்ட சிறிய பொற்காசு அது; சோழமண்டலக் கரையின் காசு. தீவை ஆண்டவர் யாராக இருந்தாலும் சரக்கும் ஆளும் போன வழியில்தான் காசும் போயிற்று. இன்றைய இலங்கை ரூபாயும் அப்படி நம் கரையிலிருந்து போய்ச் சேர்ந்ததுதான். சட்டம் அதன் பின்னால் வந்தது.

இரண்டு நாடுகளையும் ஆண்டவன் ஒருவனே, அவன் திணித்ததுதானே ரூபாய் என்று கேட்கலாம். திணிக்கப் பார்த்தது ரூபாயை அல்ல, பவுனை. டச்சுக்காரர் விட்டுச்சென்ற ரிக்ஸ்டாலருக்கு 1825-இல் ஒன்றரை ஷில்லிங் என்று விலை வைத்து, இங்கிலாந்து நாணயத்தையே தீவின் நாணயமாக்கினார்கள். ஏழைகளின் சில்லறைக்கென்று 1828-இல் அரை ஃபார்திங் காசுகூட அடித்தார்கள். ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமாக ஏற்பாடு செய்தும் பவுன் அங்கே வேர் பிடிக்கவில்லை. காப்பித் தோட்டத்து வேலைக்கு ஆள் போனது தமிழ் மாவட்டங்களிலிருந்து. அவர்கள் உண்ட அரிசியில் பெரும்பங்கு போனதும் இந்தியாவிலிருந்துதான். கூலிக்கும் அரிசிக்கும் செல்லுபடியானது வெள்ளி ரூபாய். கடைசியில் அரசு இறங்கி வந்தது. 1872 ஜனவரி 1 முதல், நூறு சதமாகப் பிரிக்கப்பட்ட ரூபாயே இலங்கையின் நாணயம் என்றாயிற்று. ரூபாயைப் பெற்ற இந்தியா அதை நூறாகப் பிரித்ததோ 1957-இல்தான்! 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும், இங்கே டிக்கெட் வாங்கிய ரூபாய்க்கும் கொழும்பில் கூலியாகக் கிடைத்த ரூபாய்க்கும் மதிப்பு ஒன்றே.

அப்படியானால் அரசுக்கு இதில் வேலையே இல்லையா? உண்டு, நம்பிக்கையைக் காப்பது அதன் வேலை. காப்பிச் செடியை நோய் தின்று, 1884-இல் ஓரியண்டல் வங்கி மூழ்கியபோது, அந்த வங்கியின் நோட்டுகள் வெறும் தாளாகியிருக்கும். ஆளுநர் ஆர்தர் கார்டன் அரசின் பெயரால் பொறுப்பேற்றதால்தான் மக்களின் பணம் பிழைத்தது. அதற்குப் பிறகு நோட்டு அடிப்பதை அரசே எடுத்துக்கொண்டது. 1950-இல் மத்திய வங்கி வந்தபோதும் இந்திய ரூபாயோடு சரிக்குச் சரியான மதிப்பு நீடித்தது. டாலருக்கு இரண்டும் 4.76.

அந்த இணை 1966 ஜூனில் அறுந்தது. இந்தியா 7.50-க்கு இறங்க, இலங்கை பின்தொடரவில்லை. மறு ஆண்டு தன் போக்கில் 5.95-க்கு இறங்கியது. தனி நாணயம் தந்த உரிமை இது, தவறென்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டு வறட்சிக்கும் போருக்கும் ஒரு சிறிய நாடு ஏன் விலை கொடுக்க வேண்டும்? ஆனால் அதே உரிமைதான், வரவுக்கு மீறி நோட்டு அடிக்கவும் இடம் கொடுத்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200-ஐ ஒட்டியிருந்த டாலர், மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றவர்கள் அந்த நோட்டுகளை அடிக்கச் சொன்னவர்கள் அல்லர். இன்று ஓர் இந்திய ரூபாய்க்கு ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபாய். நெருக்கடிக்குப் பிறகு இரு நாட்டு வணிகர்களும் கணக்கை இந்திய ரூபாயிலேயே தீர்த்துக்கொள்ள வழி திறந்திருக்கிறது. இறையாண்மை போய்விடும் என்று கொழும்பில் எழும் அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனாலும் சரக்குக்குக் கணக்குத் தீர்ப்பது ஒன்று, சம்பளத்தையும் வரியையும் இன்னொரு நாட்டின் பணத்தில் வாங்குவது வேறு. முதலாவதைத்தான் இப்போது கேட்கிறார்கள். டாலருக்காக இரு கரையும் தவமிருப்பதைவிட அது மேல்.